கண்காட்சி வைத்த தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இஸ்லாமியரின் அறிவியல் கொடை பற்றி நீங்கள் நம் பள்ளிவாசல் மண்டபத்தில் வைத்த கண்காட்சிக்குப் போன வாரம் வந்திருந்தேன். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எழுதிய அட்டையைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அட்டையிலேயே நின்றுவிட்டேன். 'பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவர் அல் குவாரிஸ்மி.' இல்லை தம்பி. பூஜ்யத்தை ஓர் எண்ணாகவே வைத்துக் கூட்டவும் கழிக்கவும் விதி எழுதியவர் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர், கி.பி. 628இல். பாக்தாதில் கணித அறிஞர் குவாரிஸ்மி எழுதியது அதற்குச் சுமார் 200 வருஷம் கழித்து. பூஜ்யத்தோடு எண் எழுதும் இந்த முறை இந்தியர்களுடையது என்று சொல்லித்தான் அவர் எழுதினார். அவரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, தீர்க்கும் வழி சொல்லி, அது ஏன் சரி என்று சதுரம் வரைந்து காட்டினாரே, அதை அட்டையில் போடுங்கள். அவர் புத்தகத் தலைப்பில் இருந்த 'அல்ஜப்ர்'தான் அல்ஜீப்ரா ஆனது. அவர் பேரே தேய்ந்துதான் அல்காரிதம்.

அப்புறம் ஸ்பெயினின் கொர்தோபாவில் பறந்தார் என்று நீங்கள் எழுதிய இப்னு ஃபிர்னாஸ். அவர் இறந்தது 887இல். பறந்த கதையை விவரமாகச் சொல்பவர் 17ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் மக்கரீ. நடுவில் எழுநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. அவர் காலத்துக் கவிஞர் ஒருவர் பாடியதாக ஒரு வரி உண்டு, அவ்வளவுதான். 'பறந்ததாகச் சொல்கிறார்கள்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மருத்துவர் இப்னு நஃபீஸ் அட்டையில் ஒரே ஒரு திருத்தம். 'இரத்த ஓட்டம்' என்பதற்கு முன்னால் 'நுரையீரல் வழியான' என்று சேருங்கள். முழு உடம்புக்குமான சுற்றோட்டம் 1628இல் இங்கிலாந்து மருத்துவர் ஹார்வி சொன்னது.

ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கையும் இஸ்லாமியர் வரிசையில் வைத்திருக்கிறீர்கள். அவர் கிறிஸ்தவர். கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தவர். கலீஃபாக்களின் ஆதரவில் பல மதத்தார் அரபி மொழியில் சேர்ந்து செய்த வேலை அது. என்னைக் கேட்டால், பெருமைப்பட அதுவே பெரிய விஷயம்.

இவ்வளவு கறாராக ஏன் பேசுகிறேன் என்றால், அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "கிரேக்கன் எழுதினதைக் காப்பி அடிச்சதோட சரி" என்று சிரித்தார். பூஜ்ய அட்டையைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அந்தத் தெம்பு. திரும்பி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒளியை ஆராய்ந்த இப்னு அல் ஹைதம் எந்தக் கிரேக்கரிடமிருந்து காப்பி அடித்தார்? கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்று கிரேக்க அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும் சொன்னதை மறுத்து, ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்றார். தாலமி மீது தமக்கிருந்த சந்தேகங்களைத் தனி நூலாகவே எழுதினார். ஆனால் நீங்கள் அவர் படத்துக்குக் கீழே 'கேமராவைக் கண்டுபிடித்தவர்' என்று எழுதி முடித்துவிட்டீர்கள்! கேமராவுக்கு அடிப்படையான, துளை வழியாக உருவம் விழும் விஷயம் அவருக்கு முன்பே சீனர்களுக்குத் தெரியும்.

அவர் செய்தது இது. இருட்டு அறை, சுவரில் சின்ன ஓட்டை, வெளியே வரிசையாக விளக்குகள். உள்ளே எதிர்ச்சுவரில் விளக்குக்கு ஒன்றாக வெளிச்சப் புள்ளிகள். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் அணையும். மற்றவை அப்படியே இருக்கும். அத்தனை ஒளியும் ஒரே ஓட்டைக்குள் நுழைந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை.

அடுத்த முறை இதைச் செய்தே காட்டுங்கள். மண்டபத்தின் பின்னறை ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினால் போதும். மூன்று மெழுகுவத்தி நான் கொண்டுவருகிறேன். எந்த மெழுகுவத்தியை மறைத்தால் எந்தப் புள்ளி அணையும் என்று பிள்ளைகளை முதலில் சொல்லச் சொல்லுங்கள். இடது பக்கத்து மெழுகுவத்தி என்றால் முக்கால்வாசிப் பேர் இடது பக்கத்துப் புள்ளியைத்தான் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்