பீமா, சாய்தளம், பேழைச் சுவர்: திருப்பணி நிறைவு அறிக்கை

சபையார் அனைவருக்கும் ஷாலோம்.

வசந்தத்தில் வரும் பெசாக் பண்டிகை முடிந்த கையோடு நம் யூத ஜெப ஆலயத்தில் தொடங்கிய திருப்பணி, குளிர்காலப் பண்டிகையான ஹனுக்காவுக்கு மூன்று நாள் முன்னால் நிறைவு பெற்றது. இலையுதிர் காலத்தில் வரும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்குள் முடித்துவிடுவோம் என்று பொதுக்குழுவில் சொல்லியிருந்தோம், முடியவில்லை. 84,000 பவுண்டு ஆகும் என்று சொன்ன வேலைக்கு 97,400 பவுண்டு ஆகியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது கமிட்டியின் பொறுப்பு. சாய்தளத்தில் நடந்த தவறு, தகராறை நடுவரிடம் கொண்டுபோகாதது, மேடையைத் தாழ்த்தியது, பெயர்ப் பலகை வைக்காதது பற்றியெல்லாம் கேட்டு உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து எழுதிய கடிதமும் எங்கள் கையில் இருக்கிறது. அதில் கேட்ட எதையும் விடாமல் எழுதுகிறோம்.

கூரை ஓடு, சமையலறை, கழிப்பறை, மாடியில் பிள்ளைகளின் எபிரேய வகுப்பறைக்கு வெள்ளை, நூலக அலமாரி, மின்கம்பி மாற்றம் எல்லாம் பேசிய தொகைக்குள், பேசிய தேதிக்குள் முடிந்தன. வேதச் சுருள்களை வைக்கும் பேழைக்கு முன்னால் எரியும் நந்தா விளக்கு வேலை நடந்த நாளெல்லாம் பேட்டரியில் அணையாமல் எரிந்தது.

இனி பீமா, அதாவது தோரா எனும் வேதச் சுருளை வாசிக்கும் மேடை விஷயம்.

நம் பீமாவுக்கு மூன்று படிகள். மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். நடக்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சபையில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்த அம்மா ஒருவருக்கு அந்த மூன்று படிகள் ஆறு வருடமாக மலையாக நின்றன. (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.) தோரா வாசிப்புக்கு அவர் பெயரை அழைத்தால், "வேறு யாரையாவது கூப்பிடுங்கள்" என்று கையசைப்பார். சுருளைக் கீழே கொண்டுவந்து தனி மேஜையில் வைக்கிறோம் என்று நம் குருவான ரபி சொன்னபோதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தோரா வாசிப்புக்கு அழைக்கப்படுவதைக் குறிக்கும் அலியா என்ற சொல்லுக்கே ஏறுதல் என்றுதான் அர்த்தம். எனக்காகத் தோரா இறங்கி வரக் கூடாது என்றார்.

அதனால்தான் சாய்தளம். கட்டடக் கலைஞர் முதலில் போட்ட வரைபடத்தில் அது பக்கச் சுவரை ஒட்டி 9 மீட்டர் நீளம், இருபதுக்கு ஒன்று சரிவு (இருபது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம்). இதற்கு 14 இருக்கைகள் போக வேண்டும். பொதுக்குழு சம்மதித்தது. ஆனால் பெஞ்சுகளைக் கழற்றும் நாள் நெருங்கியபோது, தாய் தந்தையர் நினைவாகப் பித்தளைத் தகடு பதித்த குடும்பங்கள் வருத்தப்பட்டு எழுதின. அந்த வருத்தத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அதைப் பேசிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் தவறு நடந்தது.

காண்ட்ராக்டர் யாரையும் கேட்காமல், பெஞ்சுகளைத் தொடாமல், 3.6 மீட்டரில் சாய்தளத்தை முடித்துவிட்டார். எட்டுக்கு ஒன்று சரிவு. இங்கிலாந்துக் கட்டட விதிகளின் வழிகாட்டுதல்படி இரண்டு மீட்டருக்கு உட்பட்ட நீளத்துக்கே அதிகபட்சம் பன்னிரண்டுக்கு ஒன்றுதான். ஐந்து மீட்டர் வரை என்றால் பதினைந்துக்கு ஒன்று. நாங்கள் காகிதத்தை மட்டும் பார்த்துப் பேசவில்லை. காரியதரிசியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஏற்றிப் பார்த்தோம். திடகாத்திரமான இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. இறங்கும்போது நாற்காலி கையை விட்டு இழுத்துக்கொண்டு போனது. முன்வரிசைப் பெஞ்சில் முட்டித்தான் நின்றது. அந்த வார்னிஷில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

"உங்கள் கமிட்டி ஆள் ஒருவர் தலையாட்டினார்" என்பது காண்ட்ராக்டரின் வாதம். யார் தலையாட்டியது என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அன்று காலை எங்கள் உறுப்பினர் ஒருவர் சாவி கொடுக்கப் போனது உண்மை. நீளத்தைக் குறைக்கலாமா என்று காண்ட்ராக்டர் கேட்டதும், கட்டடக் கலைஞரிடம் எழுதி வாங்குங்கள் என்று நம் உறுப்பினர் சொன்னதும் உண்மை. மாற்றம் எதுவானாலும் கட்டடக் கலைஞரின் கையெழுத்தோடு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அப்படி ஒரு தாள் கிடையாது. சாவி கொடுக்கப் போனவர் மேல் யாரும் பழி போட வேண்டாம். அவர் வாரத்துக்கு நாலு நாள் விடியற்காலையில் அந்தக் கதவைத் திறந்துவிட்டவர்.

பண்டிகை நாட்களில் ஆட்கள் சும்மா இருந்ததற்கும் காண்ட்ராக்டர் கூலி கேட்டார். சனிக்கிழமையும் பண்டிகை நாளும் வேலை இல்லை என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கம். வேலைக் காலத்துக்குள் வந்த ஷாவுவோட் பண்டிகை ஒரு நாளை முன்பே கழித்துத்தான் கணக்குப் போட்டிருந்தார். ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோட் எல்லாம் வேலை முடிந்திருக்க வேண்டிய தேதிக்குப் பிறகு வந்தவை. தாமதம் அவருடையது, அதற்கு நாம் எப்படிக் கூலி கொடுப்பது? மறுத்துவிட்டோம்.

1996-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டட வேலைத் தகராறுக்கு 28 நாளில் முடிவு சொல்லும் நடுவரிடம் போகலாம். போகவில்லை. நியாயம் நம் பக்கம் இருந்தும் ஏன் போகவில்லை என்பது கடிதத்தின் மூன்றாவது கேள்வி. வழக்கறிஞர் செலவு, நடுவர் செலவு, அதுவரை பாதியில் நிற்கும் பீமா எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தோம். பழைய சாய்தளத்தைக் காண்ட்ராக்டர் செலவில் இடிப்பது, புதியது நம் செலவில் என்று அவரோடு பேசி முடித்தோம். எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம்தான் மேடையைத் தாழ்த்தும் யோசனை வந்தது. இடிக்கும்போது பார்த்தால், மூன்று படிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த தனித்தனி மரச் சட்டங்கள். ஒரு சட்டத்தை எடுத்துவிட்டால் உயரம் 30 சென்டிமீட்டர் ஆகிவிடும். பதினைந்துக்கு ஒன்று சரிவில் 4.5 மீட்டர் போதும். போவது நான்கே இருக்கைகள், பித்தளைத் தகடு எதையும் தொட வேண்டியதில்லை. கணக்குச் சரியாக வந்தது.

இதைப் பொதுக்குழுவைக் கூட்டாமல் முடிவு செய்தோம். அந்தக் குறையை ஒத்துக்கொள்கிறோம். கூட்டத்துக்கு 21 நாள் அறிவிப்பு வேண்டும். அதற்குள் தச்சர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆனாலும் உங்களிடம் மின்னஞ்சலிலாவது கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும்.

முடிவு தவறு என்று மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். வேத அறிஞர் எஸ்ரா மக்களுக்குத் தோரா வாசித்தது மரத்தால் செய்த உயர்ந்த மேடையில் நின்று என்று நெகேமியா 8-ம் அதிகாரத்தைக் காட்டி, பீமா தாழ்ந்தால் தோராவின் மரியாதை தாழும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ரபியிடம் கேட்டோம். தொழுகிறவன் உயரத்தில் நிற்கக் கூடாது, தாழ்ந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யூதச் சட்ட விளக்க நூலான தால்முத்தின் பெரகோட் பகுதியில் இருக்கிறது. "ஆழங்களிலிருந்து உம்மைக் கூப்பிடுகிறேன்" என்ற 130-ம் சங்கீதம் அதற்கு ஆதாரம். நம்முடையது ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம் என்று 1902-ல் லண்டனில் தொடங்கிய வழியில் வந்த சபை. 1918-ல் அந்த வழியைத் தொடங்கியவர்களில் ஒருவரான லிலி மாண்டேகு அம்மையார், ஒரு பெண், பிரசங்கம் செய்ய எழுந்தபோதும் மரியாதை போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்திருப்பார்கள். இறக்கிய 15 சென்டிமீட்டரால் தோராவுக்குக் குறை வரவில்லை என்பது கமிட்டியின் ஒருமித்த முடிவு.

இரண்டாவது எக்ஸ்ட்ரா, பேழைச் சுவர். பேழையின் பின்பலகையைக் கழற்றியதும் ஈர வாடை அடித்தது. பூச்சு முழுக்கக் கரும்புள்ளி. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. வெளியே மழைநீர்க் குழாய் விரிந்து, தண்ணீர் எத்தனையோ குளிர்காலமாகச் செங்கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. இதை எந்தக் கொட்டேஷனிலும் எதிர்பார்த்திருக்க முடியாது.

அங்கேதான் நம் செக் சுருள் இருந்தது. நாஜிகள் அழித்த பொஹீமியா, மொராவியா சபைகளின் 1,564 சுருள்கள் 1964-ல் பிராகிலிருந்து லண்டன் வந்தன. அவற்றில் ஒன்று நம்மிடம் இரவலாக இருக்கிறது. அதன் பட்டு உறையின் அடி ஓரம் நனைந்திருந்தது. அன்றே சுருள் அறக்கட்டளைக்கு எழுதினோம், தோராச் சுருள்களைக் கையால் எழுதும் எழுத்தர் ஒருவரை வரவழைத்தோம். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து, தாள் தாளாக விரித்துப் பார்த்தார். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசிப்புக்கு எடுக்காத சுருள்தான், எழுத்துகள் முன்பே உதிர்ந்திருந்தன. ஆனால் தோரா வாசிப்பின் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் சிம்ஹாத் தோரா அன்று அதை ஏந்தி வலம் வருகிறோம், அதன் ஊரில் இப்போது ஏந்துவதற்கு ஆளில்லை. இந்தச் செலவுக்கு நாங்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கூடுதல் செலவு: பீமாவும் சாய்தளமும் 6,100 பவுண்டு. சுவர், குழாய், எழுத்தர் 5,900. காதுக்கருவிக்கு நேராக ஒலி சேர்க்கும் கம்பிச் சுற்று 1,400. ஆக மொத்தம் 13,400. மூன்று கொட்டேஷனில் குறைந்ததை ஏன் எடுக்கவில்லை என்றால், அதில் மின்வேலையே சேரவில்லை. பொருளாளரின் மைத்துனர் இந்தத் திருப்பணியில் ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. அவருக்கு வேலை கொடுத்தோம் என்ற வதந்தி இத்தோடு நிற்கட்டும்.

நன்கொடையாளர் பெயர்ப் பலகை ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் கொடுப்பதை இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையின் எட்டுப் படிகளில் மிக உயர்ந்தவற்றில் வைத்தார். பெரிய தொகை தந்த நால்வரும் அதையே கேட்டார்கள். ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. தரைவிரிப்பு முழுவதையும் தந்த தாயும் மகளும். கணவர் நினைவாக வாசிப்பு மேஜைக்கு ஓக் பலகை தந்தவர், அதை ஒன்பது ஞாயிறு உட்கார்ந்து இழைத்த ஓய்வுபெற்ற தச்சர். வியாழன் மதிய உணவுக் குழு. வெள்ளி மாலைப் பாடகர் குழு. புதிதாக யூத வழியில் சேர்ந்து முதல் மாதச் சம்பளத்தைத் தந்த இளைஞர். வயதுக்கு வரும் சடங்கான பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வாவில் கிடைத்த பரிசுப் பணத்தைப் பதினெட்டு பதினெட்டாக எண்ணிக் கொடுத்த ஐந்து பிள்ளைகள் (எபிரேயத்தில் உயிரைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் பதினெட்டு). கேக் விற்றவர்கள், உறையில் பெயரின்றி இருபது பவுண்டு போட்டவர்கள். யோம் கிப்பூர் முழுநாளும் கூடத்தைத் திறந்துவிட்டு வாடகை வாங்க மறுத்த பக்கத்துத் தேவாலயத்தார்.

வேலை முடிந்து வந்த முதல் ஷபாத், அதாவது சனிக்கிழமை ஓய்வுநாள், யோசேப்பின் கதை வாசித்த நாள். தந்தை பெயரும் தாய் பெயரும் சேர்த்து அந்த அம்மாவை அழைத்தார் ரபி. அவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, கைப்பிடியைப் பிடிக்காமல், யார் கையும் படாமல் ஏறினார். சால்வையின் குஞ்சத்தால் சுருளில் வாசிக்கும் இடத்தைத் தொட்டு முத்தமிட்டார். ஆசி சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. கீழே உட்கார்ந்திருந்த அவருடைய பழைய மாணவர்களில் பலர் "ஆமென்" சொல்ல முடியாமல் இருந்தார்கள்.

காண்ட்ராக்டர் தொகையில் பிடித்து வைத்த 4,200 பவுண்டில் பாதியைக் கொடுத்துவிட்டோம். மீதி 2,100 ஒரு வருடம் கழித்து, குறைகள் சரிசெய்யப்பட்ட பிறகு. சாய்தளத்தின் இடது கைப்பிடியில் ஒரு திருகு இன்னும் ஆடுகிறது, சொல்லியிருக்கிறோம். ரசீதுகள் அனைத்தும் அலுவலக அறையில் நீல நிறக் கோப்பில் இருக்கின்றன. செவ்வாய், வியாழன் காலை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

திருப்பணிக் கமிட்டிக்காக,
காரியதரிசி