அடுத்த படம் ஆருக்கு?

அன்புள்ள தங்கச்சி,

நீர் அனுப்பின குரல்பதிவை இரண்டு தரம் கேட்டேன். முழங்காவில் காத்து இரைச்சலுக்குள்ளும் கேள்வி விளங்கினது. படம் வரைந்து குடுக்கேக்க கூடவே ஒரு சின்னப் பரிசும் குடுத்தால், வாங்கினவை இன்னும் நாலு பேருக்குச் சொல்லுவினமாம். யூரியூப்பில் பார்த்தீராம். எதைக் குடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்.

அவை சொல்லுறது பொய்யில்லை. வெளிநாட்டு ஓவியர்கள் கையால் எழுதின நன்றி மடல், படத்தின் சின்னப் பிரதி, மெழுகுதிரி, அடுத்த படத்துக்குக் கழிவு அட்டை என்று பலதும் குடுக்கினம். அவையிட்ட கனக்க வருவது பிள்ளை பிறந்த வீடு, கலியாண வீடு, நாய்க்குட்டி வளர்க்கிற வீடு. என்னட்டை வருகிற பத்து ஓடரில் ஏழு செத்த வீடு. இதை யோசிக்காமல் நான் ஒருக்கால் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

2014 இல் இருநூறு அட்டை அடித்தேன். 'அடுத்த படத்துக்கு 10 வீதம் கழிவு'. நல்ல தடித்த மட்டை, ஓரத்தில் தங்க நிறக் கோடு. விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டுக்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முதல் நாள் படம் கொண்டுபோனேன். பழைய அடையாள அட்டையில் பெருவிரல் நகத்தளவில் இருந்த முகத்தைப் பார்த்து வரைந்த படம். 2009 யுத்தத்தில் இடம்பெயரேக்க அல்பங்கள் எல்லாம் வழியிலேயே போய்விட்ட வீடு அது. அம்மா படத்தைக் கனநேரம் பார்த்தா. நான் அட்டையை நீட்டினேன். பேரன் வாசித்துக் காட்டினான். அவ நிமிர்ந்து பார்த்து, "அடுத்த படம் ஆருக்குத் தம்பி?" என்று கேட்டா.

கோபத்தில் கேட்கேல்லை. யோசித்துப் பார்த்துத்தான் கேட்டா. அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவவும் பேரனும்தான். ஊத்தி வைத்த தேத்தண்ணியை எப்படிக் குடித்தேன் என்று ஞாபகமில்லை.

அதோடு அந்த அட்டையை விட்டேன். பிறகுதான் எங்கட சனத்திட்டையே இதற்கு ஒரு வழி இருப்பது கண்ணில் பட்டது: கல்வெட்டு. செத்தவரின் நினைவாக அச்சடித்து முப்பத்தோராம் நாள் வாறவைக்குக் குடுக்கிற அந்தப் புத்தகத்தின் அட்டைக்கு ஒரு முகம் வேண்டும். கிடைக்கிற பாஸ்போட் படத்தைப் பெரிதாக்கிப் போட, அது மங்கி, ஆரோ ஒரு ஆள் போல வரும். நான் இப்போது வரைந்த படத்தை 300 டிபிஐயில் ஸ்கான் பண்ணிக் காசில்லாமல் குடுக்கிறேன். அச்சகத்துக்கும் நாள் வேண்டும் என்பதால் இருபதாம் நாளுக்குள் படத்தை முடித்துவிட வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம். புத்தகம் எத்தனை வீட்டுக்குப் போகும் என்று யோசித்துப் பாரும். பின் அட்டையில் அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போடுங்கோ என்று நான் கேட்பதில்லை. அநேகமாக வீட்டுக்காரரே போட்டுவிடுவினம்.

இந்தப் பின்பக்க விளம்பரம் பழைய கெட்டித்தனம். 1854 இல் பாரிசில் டிஸ்டெரி என்ற படப்பிடிப்பாளர் விசிட்டிங் கார்ட் அளவுப் படங்களுக்குக் காப்புரிமை எடுத்தார். சனம் அவற்றை ஒருவருக்கொருவர் குடுத்து அல்பத்தில் சேர்த்தது. அந்த மாதிரிப் படங்களின் முன்பக்கம் முகம் இருக்கும், ஸ்டூடியோவின் பெயரும் விலாசமும் பின்பக்கம் கிடக்கும். நானும் படத்தின் சின்னப் பிரதி இரண்டு எடுத்து, கொமினிக்கேசன் கடையில் லமினேற் பண்ணிக் குடுக்கிறேன். ஒன்று பேர்சுக்குள் போகும், மற்றது மகளின் வீட்டுக்குப் போகும். போன் நம்பர் பின்பக்கம், சின்ன எழுத்தில். ஒருவர் நாடிக்குக் கீழேயே தங்க நிறத்தில் நம்பர் எழுதிவிட்டிருந்ததை ஒரு வீட்டில் கண்டேன். அந்த ஐயாவுக்குத்தான் கோல் எடுக்கலாம் போல இருந்தது.

இன்னொன்று, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி. சிரிக்க வேண்டாம். எங்கட வீடுகளில் படத்துக்குச் சந்தனம், குங்குமம் வைப்பினம், முன்னுக்கு விளக்குக் கொளுத்துவினம், புகை பிடிக்கும். பிறகு ஈரத் துணியால் ஓங்கித் துடைக்க, தண்ணி பிரேமின் விளிம்பால் இறங்கித் தாளில் கறை போடும். அதனால் கண்ணாடியில் தண்ணி விடாமல் துணியை மட்டும் லேசாக நனைத்துத் துடையுங்கோ, வெயில் படுகிற சுவரிலும் மாரியில் ஓதம் ஏறுகிற சுவரிலும் கொழுவ வேண்டாம், கறையானைப் பாருங்கோ என்று ஒரு துண்டில் எழுதி பிரேமின் பின்னால் ஒட்டுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தத் துணி கையில் எடுபடும். எனக்கு வந்த கோல்களில் கன கோல் அந்தத் துணியால் வந்ததுதான்.

காசு கட்டுறவர் கனடாவிலோ சுவிசிலோ இருப்பார், படம் தொங்குவது இங்கே. நன்றி இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். அங்கே நல்ல ஸ்கான் ஒன்று போதும். அவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட, மற்ற ஓடர்கள் அதிலிருந்தே வரும். ஆனால் நீராக முகநூலில் போடுவதென்றால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுப் போடும். எங்கட பக்கத்தில் எல்லா முகமும் எல்லாரும் பார்க்க வேண்டிய முகமில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு போராட்டத்தில் இருந்த தாய்மாரைப் பார்த்திருப்பீர். அப்படி ஒரு அம்மா வந்தால் விளக்கு, மெழுகுதிரி ஒன்றும் குடுக்க வேண்டாம், படத்தில் மாலை வரைய வேண்டாம், திகதியும் எழுத வேண்டாம். அவவுக்குப் பிள்ளை இன்னும் வரவேண்டிய பிள்ளை. லமினேற் பிரதி மட்டும் ஒன்றுக்கு நாலாகக் குடும். அவவுக்கு அது தேவைப்படும்.

சாமத்திய வீடு, கலியாண வீடு என்றால் உம்முடைய இஷ்டம். கழிவும் குடுக்கலாம், பனையோலைப் பெட்டிக்குள் பனங்கட்டியும் வைக்கலாம். அங்கே "அடுத்தது சின்னவளுக்கு" என்று தாயே சொல்லுவா.

ஆள் கூட்டிக்கொண்டு வாறவருக்குக் காசு குடுக்கிறதுக்கு மட்டும் போக வேண்டாம். ஒருக்கால் குடுத்துப் பார்த்தேன். அந்த அண்ணை அதுக்குப் பிறகு செத்த வீடுகளில் என் பெயரைச் சொல்ல, சனம் அவரைத் தரகரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது. அவரும் சொல்லுறதை விட்டிட்டார்.

அந்த இருநூறு அட்டையில் நூற்றெழுபதுக்கு மேல் இன்னும் கிடக்கு. பின்பக்கம் வெள்ளை, நல்ல மட்டை. பென்சில் தீட்டிப் பார்க்க அதைத்தான் பாவிக்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் வந்தால் ஒரு கட்டுத் தாறன்.

அன்புடன்,
அண்ணை