ஒளிரும் மையைப் பூட்டு என்று சொல்லாதீர்கள்

சோடி இல்லாத எலக்ட்ரானைக் கொண்ட, ஒளிரும் மூலக்கூறுகளான தனி உறுப்புகளைப் பலபடி (பாலிமர்) வலைக்குள் பொதித்து ‘தகவல் மறையாக்கம்’ (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றுவது) என்று தலைப்பிடும் வேதியியல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் வேதியியல் படித்துவிட்டு வங்கிக் காசாளராகக் காலம் தள்ளியவன். கவுண்டரில் என் இடது கையருகே ஒரு புறஊதா விளக்கு இருக்கும். ஐந்நூறு ரூபாய்க் கட்டு வந்தால் அதனடியில் விசிறிபோல் விரித்துப் பார்ப்பேன். நல்ல நோட்டின் தாள் மங்கிக் கிடக்கும். வரிசை எண், தாளில் சிதறிய இழைகள் போன்றவை மட்டும் ஒளிரும். கடையில் வாங்கிய வெள்ளைத்தாளில் அச்சடித்த கள்ளநோட்டோ மொத்தமும் நீலமாகப் பளீரிடும். தாளை வெளுப்பாகக் காட்டுவதற்குச் சேர்க்கும் சாயத்தின் வேலை அது.

ஒருநாள் ஒரு பாட்டி கொடுத்த நோட்டு அப்படித்தான் பளீரிட்டது. அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டேன். மேலாளர் வந்து நோட்டைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீர்க்குறியைப் பார்த்தார், “நல்ல நோட்டுதான்” என்றார். “பேரன் கால்சட்டையோடு சேர்த்து ஊறவைத்துவிட்டேன் ஐயா” என்றார் பாட்டி. சலவைத்தூளிலும் அதே வகைச் சாயம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் துறையின் அழகு எனக்குத் தெரியாததல்ல. 1900இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் வேறொன்றைச் செய்யப் போய், சோடி இல்லாத எலக்ட்ரானோடு நிற்கும் கரிமத்தைக் கண்டார். காற்று பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும் பொருள் அது. அதைச் சுற்றிக் குளோரின் அணுக்களை வேலிபோல் நட்டு நிலைக்கவைத்தது பின்னால் வந்தவர்களின் கெட்டிக்காரத்தனம். அப்படிப்பட்ட மூலக்கூறுதான் இன்று சிவப்பாக ஒளிர்கிறது. 2018இல் ஜிலின், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 710 நானோமீட்டரில் ஒளிரும் டையோடு செய்து 27 சதவீதப் புறக் குவாண்டம் திறனை (செலுத்தும் நூறு எலக்ட்ரானுக்கு எத்தனை ஒளித்துகள் வெளியே வருகிறது என்ற கணக்கு) காட்டியபோது, பழைய மாணவன் என்ற முறையில் எனக்கும் பெருமையாக இருந்தது. மூலக்கூறுகள் நெருங்கினால் ஒளி அணைந்துபோகும். ஆகவே விறைப்பான பலபடி வலையில் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துகிறீர்கள். நல்ல யோசனை.

அதற்குப் பிறகு ஒரு படம் போடுகிறீர்களே, அங்குதான் எனக்குப் பொறுக்கவில்லை. பகலில் 8888, விளக்கடியில் வேறோர் எண். கீழே ‘மறையாக்கம்’ என்று எழுதிவிடுகிறீர்கள். விளக்கு வைத்திருக்கிற எவரும் படித்துவிடுகிற எழுத்துக்கு அந்தப் பெயர் பொருந்துமா? அமைப்பு முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் சாவி ஒன்று மட்டும் இரகசியமாக இருந்தால் போதும், அதுவே நல்ல மறையாக்கம் என்று மறையாக்கவியல் அறிஞர் ஆகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். உங்கள் படத்தில் சாவி எது? விளக்கா? அது கடைத்தெருவில் கிடைக்கிறது. மூலக்கூறா? யூரோ நோட்டின் சிவப்பு ஒளிர்வு எதிலிருந்து வருகிறது என்று ஐரோப்பிய மத்திய வங்கி வாய் திறக்கவில்லை. நோட்டு புழக்கத்துக்கு வந்த 2002ஆம் ஆண்டிலேயே உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் அதை நிறமாலைமானியில் வைத்துப் பார்த்து, யூரோப்பியம் என்ற அருமண் தனிமமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் செய்வது அடையாளக் குறி. குறிக்கும் மதிப்பு உண்டு. என் பிழைப்பே அதில்தான் ஓடியது. ஆனால் குறி என்றால் வேறு கேள்விகள் எழும். யார் பார்ப்பார், எதைக் கொண்டு பார்ப்பார், எத்தனை நாள் தாங்கும்? ஒளிரவைக்கும் அதே ஒளிதான் இந்த மூலக்கூறுகளில் பலவற்றைச் சிதைக்கிறது. 2014இல் டோக்கியோவில் அப்படியொரு மூலக்கூறின் ஒரு வளையத்தில் நைட்ரஜனைப் புகுத்தி, கரைசலில் அந்தத் தாங்குதிறனை நூறு மடங்குக்கு மேல் கூட்டினார்கள். என்னைக் கேட்டால், கவுண்டருக்கு உதவுகிற சேதி அதுதான்.

இன்னொன்று, உங்களிடம் மட்டுமே உள்ள சரக்கு. சோடியற்ற எலக்ட்ரான் காந்தப்புலத்தில் நுண்ணலைக்குப் பதில் சொல்லும். சாதாரணச் சிவப்புச் சாயத்தைப் பூசி உங்கள் நிறத்தைப் போலியாக்குகிறவன் அந்தப் பதிலை அளக்கும் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வுச் சோதனையில் சிக்கிக்கொள்வான். அந்தக் கருவி என் மேசையில் நிற்காது, உண்மைதான். மத்திய வங்கியின் ஆய்வகத்தில் நிற்கலாமே. நிறம் மாறும் படத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். இதை அளந்தாலும், மூலக்கூறு உண்டானதற்குச் சான்றாக மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்களே!

அடுத்த கட்டுரையில் ‘மறையாக்கம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். படலத்தை ஒரு வாரம் சன்னலோரம் வெயிலில் வைத்து, சலவைத்தூள் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, மறுபடி விளக்கடியில் படம் எடுங்கள். 8888க்குப் பக்கத்தில் அதையும் போடுங்கள், எப்படி வந்திருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசாளர் ஒருவர்