எடிட்டர் எக்ஸ்டென்ஷன் பத்தி தமிழ்ல எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. உங்க கம்ப்யூட்டர் பக்கத்த விடாம படிக்கிறேன், ஆனா விஎஸ் கோடுங்கிற ப்ரோக்ராம் எழுதுற எடிட்டருக்கு நாமளே எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி சேக்குற சின்ன ப்ரோக்ராம்) எழுதுறத பத்தி ஒரு வரி கூட வந்த ஞாபகம் இல்ல.

நான் தமிழ் எழுத்துப்பிழை பாக்க சின்னதா ஒண்ணு செஞ்சேன், அதுல ஃபைல் இருக்கிற பாதைய என் விண்டோஸ் மெஷின்ல இருக்கிற மாதிரியே நேரா எழுதிட்டேன், ஏற்காட்டுல இருக்கிற ஃப்ரெண்டு லினக்ஸ்ல போட்டா ஒரு ஃபைல் கூட கிடைக்கல, அவன் மலையெறங்கி அஸ்தம்பட்டி வந்து ரெண்டு பேரும் ராத்திரி முழுக்க உக்காந்தோம். இப்படி பாதைய நேரா எழுதாம இருக்க, விஎஸ் கோடுல தொறந்திருக்கிற ஃபோல்டர்கள கையாளுற வொர்க்ஸ்பேஸ்ங்கிற பகுதில ஃபைண்ட்ஃபைல்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்குங்க, எந்த மாதிரி ஃபைல் வேணும்னு பேட்டர்ன் குடுத்தா போதும், அதுவே தேடி யூஆர்ஐ (ஃபைலோட முகவரி) லிஸ்ட்டா தரும்.

இதுல பலரும் மாட்டுற இடம் ரெண்டாவது ஆர்க்யுமென்ட், அதாவது எதெல்லாம் விலக்கணும்னு ஃபங்ஷனுக்கு சொல்ற இடம். அத விட்டுட்டா ஃபைல்ஸ் எக்ஸ்க்ளூட் செட்டிங்க மட்டும்தான் மதிக்கும், தேடும்போது விலக்க வேண்டியத சொல்ற சர்ச் எக்ஸ்க்ளூட் செட்டிங்க கண்டுக்காது, அதனால நோட் மாட்யூல்ஸ்ங்கிற, வெளி பேக்கேஜெல்லாம் எறங்கியிருக்கிற ஃபோல்டர் குள்ள இருக்கிறதெல்லாம் வந்து குமியும். நல் (null, வெத்து மதிப்பு) குடுத்தா எதையுமே விலக்காது. நோட் மாட்யூல்ஸ் வேண்டாம்னா நாமளே பேட்டர்ன் எழுதித்தான் தள்ளணும். மூணாவதா எத்தன ஃபைல் வந்தா நிறுத்தணும்னும் சொல்லலாம்.

அப்புறம் தொறந்திருக்கிற ஃபோல்டரோட பாதைய எடுக்க பழைய ரூட்பாத்த இன்னும் நிறைய பேர் எழுதுறாங்க, ஒரே விண்டோல ரெண்டு மூணு ஃபோல்டர் தொறந்தா அது பத்தாது, வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டர்ஸ்தான் சரி.

இங்க காலேஜ் பசங்க இங்கிலீஷ் டாக்குமென்ட்ட பாத்தே பயந்து விட்டுடறாங்க, தொடரா போட்டா கட்டாயம் படிப்பாங்க ஐயா.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்