பழுதுபார்த்து வந்த எரிபொருள் ஓட்டமானி பற்றிய புகார்

அனுப்புநர்:
செஸ்னா 172 விமான உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம்,
பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விமானக் கருவித் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: பழுதுபார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட ஓட்டமானி, எரிபொருள் செலவைக் குறைத்தும் இருப்பைக் கூட்டியும் காட்டுவது தொடர்பாக.

ஐயா,

திரை மங்கிப்போனதால் தங்கள் நிறுவனத்தின் எரிபொருள் ஓட்டமானியைப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தேன். திரும்பி வரும் வழியில் அது முதலில் ஆந்திரச் சித்தூருக்குப் போய்விட்டு, பிறகுதான் எங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்கு வந்து சேர்ந்தது. எங்கள் பின்கோடு 678 என்று தொடங்கும், அவர்களுடையது 517. எல்லையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன கூத்து. அதற்காக நான் புகார் எழுதவில்லை. திரை இப்போது பளிச்சென்று இருக்கிறது. அதில் தெரியும் எண்தான் தவறு.

கருவியை இயக்கியதுமே அளவு லிட்டரிலிருந்து அமெரிக்க கேலனுக்கு மாறியிருப்பது தெரிந்தது. 3.785 லிட்டர் ஒரு கேலன் என்பது எனக்குத் தெரியும் என்பதால், அமைப்பை லிட்டருக்கு மாற்றிக்கொண்டேன். ஆனால் உள்ளே இருக்கும் கே எண்ணும் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த பொதுவான எண் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத் திரை சொல்லவில்லை. பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. குழாயில் பெட்ரோல் ஓடும்போது சிறிய சக்கரம் சுழன்று மின்துடிப்புகளை அனுப்புகிறது. எத்தனை துடிப்பு ஒரு கேலன் என்று சொல்வதுதான் கே எண். குழாயின் வளைவு, உணரி மாட்டிய கோணம் ஆகியவற்றால் இது விமானத்துக்கு விமானம் வேறுபடும். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பல தடவை நிரப்பி, ஒப்பிட்டு, திருத்தி வைத்திருந்த எண் அது.

ஆடி மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து கொச்சி போய்த் திரும்பினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாயில் மேற்கு நோக்கி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் தலைதெறிக்கச் சுழன்றுகொண்டிருக்க, கீழே லாரிகள் என்னை முந்திப்போவது போலத் தோன்றும். எதிர்க்காற்றில் நேரம் நீளும், நேரத்தோடு பெட்ரோலும் கரையும். பயன்படுத்தக்கூடிய 144 லிட்டருடன் கிளம்பியிருந்தேன். திரும்பி இறங்கியபோது தங்கள் திரை, மீதம் 96 லிட்டர் என்றது. படியில் கால் வைத்து ஏறி, இறக்கை மேலிருக்கும் மூடியைத் திறந்து, அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தேன். நீல நிறப் பெட்ரோல் குச்சியில் நனைந்திருந்த கோடு வேறு கதை சொன்னது. இரண்டு டாங்க்குகளையும் கூட்டினால் 84. மறுபடியும் நிரப்பியபோது பவுசர் எனப்படும் எரிபொருள் வண்டியின் மீட்டரும் 60 லிட்டர் ஏறியதாகவே காட்டியது. தங்கள் கருவியின் கணக்கில் செலவானது வெறும் 48.

வித்தியாசம் 12 லிட்டர். என் விமானம் மணிக்குச் சுமார் 36 லிட்டர் குடிக்கும். ஆக, இது 20 நிமிடப் பறப்பு. பகலில் கண்பார்வை விதிகளின்படி பறக்கும் சிறு விமானத்துக்குக் கட்டாய இருப்பே 30 நிமிடம்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தங்கள் பணிமனை விழுங்கிவிட்டது.

இதைச் சொன்னதற்கு வந்த பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "விமானிகள் கிளம்பும் முன் டாங்க்கை நேரில் சோதிக்க வேண்டும், இது ஓர் அமைப்பு மாற்றம் மட்டுமே" என்கிறார் தங்கள் அலுவலர். நேரில் சோதிப்பதால்தான் இதையே கண்டுபிடித்தேன், ஐயா. ஆனால் வாளையாருக்கு மேலே 3,000 அடியில் இறக்கை மீது ஏறிக் குச்சி விட முடியுமா? அங்கே உதவத்தானே இந்தக் கருவி?

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து போய், சறுக்கியே கிம்லி என்ற இடத்தில் இறங்கியது. எரிபொருள் மானி வேலை செய்யாத நிலையில், கிலோவுக்குப் பதில் பவுண்டு கணக்கைப் போட்டதுதான் காரணம். அதுவும் ஓர் எண் மாறிய கதைதான். அவர்களுக்குச் சறுக்க உயரம் இருந்தது. 3,000 அடியிலிருந்து எனக்கு எட்டுவது ஏறக்குறைய 8 கிலோமீட்டர். அதற்குள் இருப்பவை தென்னந்தோப்பும் மின்கம்பியும்.

இன்னொன்று. தங்கள் கையேடு "டாங்க்கில் உள்ள எரிபொருள்" என்று எழுதுகிறது. இந்தக் கருவி டாங்க்கைப் பார்ப்பதே இல்லை. நாம் கொடுத்த தொடக்க அளவிலிருந்து குழாய் வழியே போனதைக் கழிக்கிறது, அவ்வளவுதான். பானைக்குள் எட்டிப் பார்க்காமல் மளிகை நோட்டைப் பார்த்து அரிசி இருக்கிறது என்பது போல. மூடி சரியாகப் பொருந்தாமல் இறக்கை மேல் காற்று பெட்ரோலை உறிஞ்சி வெளியேற்றினால், அது குழாய் வழியே போகாததால் கணக்கில் வராது. எரிபொருள் குறைவு எச்சரிக்கை மணியும் இதே எண்ணை நம்பித்தான் அடிக்கிறது. செஸ்னாவில் கூடவே வரும் மிதவை மானி ஆடினாலும் அசைந்தாலும் டாங்க்குக்குள் இருப்பதைத்தான் காட்டுகிறது.

ஆகவே, கருவியைத் தங்கள் செலவில் திரும்ப எடுத்து, பொறியாளர் திருத்தி வைத்திருந்த கே எண்ணை ஏற்றி, அதை எழுத்தில் குறித்து அனுப்புங்கள். பழுதுபார்ப்புக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். இதே பணிமனைக்குக் கருவி அனுப்பிய மற்ற விமானிகளுக்கு உடனே தகவல் கொடுங்கள். எனக்கு இதுவே முதன்மையானது. கையேட்டில் அந்த வரியை "கணக்கிட்ட மீதம்" என்று திருத்துங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். தங்கள் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், வாடிக்கையாளர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பழுதுபார்ப்பு ரசீது, பவுசர் பில், திரையின் புகைப்படம், பொறியாளரின் பழைய அளவீட்டுக் குறிப்பு ஆகியவற்றின் நகல்கள்.