சர்வரின் நேரம் தவறாகத் தெரிந்தால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 'சர்வரில் நேரம் தப்பாகக் காட்டுகிறது' என்று எங்கள் உதவிப் பிரிவுக்கு வரும் புகார்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. கடிகாரமே பிசகியிருக்கலாம், அல்லது கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருக்க, நேர மண்டலம் மட்டும் மாறியிருக்கலாம்.

லினக்ஸ் சர்வர் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரக் கணக்கில் எண்ணி வருகிறது. அந்த எண்ணை நமக்கு எந்த ஊர் நேரமாகக் காட்டுவது என்பதை மட்டுமே நேர மண்டலம் தீர்மானிக்கிறது. ஆகவே, 'டேட்' கட்டளையை 'யு' என்ற தெரிவுடன் இயக்கி, அது காட்டும் யுடிசி நேரத்தை நம்பகமான வேறொரு கடிகாரத்தோடு முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். யுடிசி சரியாக இருந்து உள்ளூர் நேரம் மட்டும் தவறினால், பழுது மண்டலத்தில் இருக்கிறது; யுடிசியே தவறினால் கடிகாரத்தில் இருக்கிறது.

இதைப் பார்க்காமல், சர்வரின் பதிவேட்டில் (லாக்) நேரம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடிகாரத்தைச் சில மணி நேரம் கையால் தள்ளி வைப்பவர்கள் உண்டு. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்; ஆனால் யுடிசி கெட்டுவிடும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் கடவுக்குறியீடு ஏற்கப்படாது. வழக்கமாக 5 நிமிட வேறுபாடு வரையே பொறுக்கும் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை உள்நுழைவை மறுக்கும். கடிகாரம் பின்தங்கியிருந்தால், அன்று வாங்கிய இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ்கூட 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நிராகரிக்கப்படும். கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தே பலர் அரை நாளைக் கழித்துவிடுகிறார்கள்.

மண்டலத்தை 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் மாற்றலாம். ஆனால், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் போன்ற, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் மறுதொடக்கம் செய்யும்வரை பழைய மண்டலத்திலேயே இருக்கக்கூடும். பிஎச்பி நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஆகியவற்றுக்குத் தனி மண்டல அமைப்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

கடிகாரமே பிசகியிருந்தால், குரோனி போன்ற நேர ஒத்திசைவுச் சேவை இயங்குகிறதா என்றும், என்டிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறைக்கான யுடிபி 123ஆம் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாங்கள் முதலில் சந்தேகிப்பது ஃபயர்வாலைத்தான். சிறிய பிழையைக் குரோனி மெல்ல மெல்லச் சரிசெய்யும். பெரிய பிழைக்கு 'மேக்ஸ்டெப்' (makestep) கட்டளை தேவைப்படும். நேரம் பின்னோக்கித் தாவும் நிலை இருந்தால், தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு அதைச் செய்வதே பாதுகாப்பு. மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் இயக்கும்போதெல்லாம் தேதி பழையதாகிவிடும் சொந்த சர்வரில், மதர்போர்டின் பேட்டரியை மாற்றினால் போதும். அது பெரும்பாலும் சிஆர்2032 வகையாகவே இருக்கும்.

இதற்குப் பிறகும் நேரம் சரியாகவில்லை என்றால், 'டேட்', 'டைம்டேட்சிடிஎல்', 'குரோனிசி டிராக்கிங்' ஆகிய மூன்றின் வெளியீட்டையும் புகாருடன் இணைத்து அனுப்புங்கள். கடிகாரத்தைக் கையால் மாற்றியிருந்தால் அதையும் தயங்காமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தொழில்நுட்ப உதவிப் பிரிவு