தேய்க்காதே கண்ணு

அன்புள்ள கண்ணு,

காசுப் படம் இரண்டும் வந்தது. மூன்று மாதம் கழித்து அனுப்புகிறாய், கூட ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும். ஜூலியஸ் சீசரின் டெனாரியஸை, அந்த ரோமானிய வெள்ளிக் காசை, சரியாக இனங்கண்டு வாங்கியிருக்கிறாய், அதில் எனக்குப் பெருமைதான்.

கறுத்திருக்கிறதே என்று தேய்த்துவிடாதே. விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். முதலில் எடை பார். 0.01 கிராம் காட்டும் தராசில் 3.6 முதல் 4 கிராம் வரை இருந்தால் நல்லது. ரொம்பக் குறைந்தால் உள்ளே செம்பு வைத்து வெள்ளி போர்த்திய காசாக இருக்கலாம். அந்தக் காலத்திலேயே அந்தத் திருட்டு உண்டு. விளிம்பில் சிவப்போ பச்சையோ தெரிகிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பார். விளிம்பைச் சுற்றி ஒரே கோடு ஓடினால் வார்த்த போலி. விரிசல் இருந்தால் பயப்படாதே, சம்மட்டி அடியில் வெள்ளி அப்படிப் பிளப்பது உண்டு. ஆனால் கீழே போட்டுவிடாதே. பழைய வெள்ளி உள்ளுக்குள் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கலாம், தரையில் விழுந்தால் இரண்டாகிவிடக்கூடும்.

மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் கவரில் வந்திருந்தால் இன்றே மாற்று. பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறப்போடு. கண்ணாடிக் கிண்ணம், ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம். எடுத்தபின் துடைக்காதே, தானாக உலரட்டும்.

காசின் முன்பக்கம் காதல் தேவதை வீனஸ். பின்பக்கம் எரியும் டிராய் நகரத்திலிருந்து அப்பன் அங்கைசஸை இடது தோளில் தூக்கிவரும் ஈனியாஸ்; வலது கையில் பல்லாஸ் என்னும் அதீனா தேவியின் சிலை. தன் குலம் வீனஸின் மகன் ஈனியாஸ் வழி வந்தது என்று ஊருக்குச் சொல்லத்தான் சீசர் கி.மு. 47–46இல், ஆப்பிரிக்காவில் போர் நடந்த சமயம், இதை அடித்தார். கதையில் ஈனியாஸின் கைபிடித்து நடந்துவரும் அவன் சின்னப் பையன் இந்தக் காசில் இல்லை. அந்த இடத்தை லென்ஸில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எடையை இரண்டு தடவை பார். தேய்க்காதே.

நம் வீட்டில் இருக்கும், ரோமப் பேரரசன் திபேரியஸின் காசில், உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கையிலிருந்த கிளை மழுங்கிப்போனதற்கு உன்னை அடித்தேன். விபூதி போட்டுத் தேய்த்தது நான். அம்மாவிடமும் சொல்லவில்லை. மன்னித்துவிடு சாமி.

எடை எவ்வளவு என்று போனிலேயே சொன்னாலும் சரி. பத்து மணி வரை விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா